கரவன் ரயரில் காற்றுக் குறைத்த கோடை

என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு மொன்றியலில் வந்து இறங்கி, பனி என்றால் என்னவென்று தெரியாமல் செருப்போடு வெளியே வந்தவர்களே, உங்களுக்கு நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. இப்போது உங்களுக்கும் முழங்கால் பிடிக்கும், சீனி கூடியிருக்கும், பேரப்பிள்ளை பிரெஞ்சில் கேட்க நீங்கள் தமிழில் மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் இருந்து கேளுங்கள்.

கோடை வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நெடுஞ்சாலையில் போகும்போது காருக்குப் பெற்றோல் அடிக்க எங்காவது நிறுத்துவார்கள். பக்கத்தில் யாராவது காரின் பின்னால் கரவன், அதுதான் சில்லுப் பூட்டிய இழுவை வீடு, கொழுவிக்கொண்டு நின்றால் என்னால் உள்ளே இருக்க முடியாது. இறங்கிப் போய் அந்த ரயர்களைப் பார்ப்பேன். அடிப்பக்கம் பிதுங்கி நிற்கிறதா, விறைப்பாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் நெஞ்சு ஆறும். "அம்மா தொடங்கிட்டா" என்று மகள் தன் புருஷனுக்குச் சொல்லிச் சிரிப்பாள். ஒருமுறை ஒரு கியூபெக்காரர் நான் எதையோ கழற்ற வந்தேன் என்று நினைத்து, "பொன்ஜூர், மடாம்..." என்று ஒரு மாதிரி இழுத்தார். நானும் பொன்ஜூர் சொல்லி, அவருடைய பின்சில்லைக் காட்டி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் காற்றுப் போதாது என்றேன். மனிசன் என்னையும் பார்த்தார், சில்லையும் பார்த்தார், பிறகு பேசாமல் போய்க் காற்றடித்தார். மெர்சி என்று சொன்னாரா இல்லையா என்று நினைவில்லை. நான் காருக்குள் வந்து இருந்து மாதாவை நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

ஏன் இப்படி என்று பிள்ளைகளுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மொன்றியலில் லாசால் பக்கம் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு. அக்கா என்னை விட ஐந்து வயது மூப்பு; உயர்பள்ளியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை. கலியாணம் செய்யவில்லை, எங்களோடுதான் இருந்தார், ஹோலில் படுத்தார். வீட்டில் கார் ஓடத் தெரிந்தது அவருக்கு மட்டும். பின்பக்கம் நீண்டு போன பழைய மண்ணிறக் கார் ஒன்று வைத்திருந்தார். அது நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய் சொட்டும்.

அம்மா அப்போது பிள்ளைத்தாச்சி.

எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் அம்மாவின் வயிற்றில் தங்காமல் போனார்கள். ஒன்று மன்னாரில், சண்டைக்குள் ஓடித் திரிந்த காலத்தில். மற்றது இங்கே வந்த முதல் குளிர்காலத்தில். அதனால் இந்த முறை வயிறு தெரியத் தொடங்கியும் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. தொட்டில் வாங்கவில்லை. சட்டை தைக்கவில்லை. டாக்டர் கனநேரம் குந்தியிருக்கக் கூடாது, நிற்கக் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மாவால் அது ஏலவில்லை. படுப்பார், எழும்புவார், மடித்து வைத்த உடுப்பைத் திரும்ப உதறி மடிப்பார். ஜன்னலைத் திறப்பார், பூட்டுவார். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு எதையோ கேட்பதுபோல நிற்பார். அந்த வீட்டில் அந்தக் கோடை முழுவதும் ஒருவரும் ஒரு இடத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. கியூபெக் நகரத்துக்கு அங்காலே, ஆற்றோரமாக இருக்கிற அன்னம்மாள் கோயிலுக்கு எங்கள் சனம் ஆடி மாதத்தில் பஸ் பிடித்துப் போவது உங்களுக்குத் தெரியும். மாதாவைப் பெற்ற தாய் அல்லவா, பிள்ளை வேண்டுகிறவர்கள் அங்கேதான் போவார்கள். திருநாளுக்கு வயிற்றோடு வந்து உன் வளவில் ஒரு இரவு படுப்பேன் என்று அம்மா சொல்லி வைத்திருந்தார்.

"பிள்ளை பிறந்தாப் பிறகு கொண்டுபோய்க் காட்டுவம். உம்மால பஸ்ஸில அவ்வளவு தூரம் குந்தியிருக்க ஏலுமே?" என்று அப்பா கேட்டார்.

"வயித்தோட வாறன் எண்டெல்லோ சொன்னனான். வயிறு இறங்கினாப் பேந்து என்னத்தோட போறது?"

அப்பாவும் விசுவாசக்காரர். சொல்லப்போனால் அம்மாவை விட அவருக்குத்தான் பயம் கூட. நேர்த்தி தவறினால் என்ன நடக்கும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவரில் இருந்த திருக்குடும்பப் படத்தை அடிக்கடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம்தான் சித்தப்பா கரவனோடு வந்தார்.

அவருடைய வேலையிடத்து மேற்பார்வையாளர் ஒரு கியூபெக்காரர். அவருடைய வளவில் சும்மா நின்ற சின்னக் கரவனை இரவல் கொடுத்திருந்தார். பால் நிறம், நடுவில் ஒரு மண்ணிறக் கோடு, ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கல். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஓடிவந்து சுற்றி நின்றோம். உள்ளே எலிப் புழுக்கை மணமும் பூச்சி உருண்டை மணமும் கலந்து அடித்தது. மடித்து வைக்கிற மேசை ஒன்று; அதன் மேல் யாரோ சூடான சட்டி வைத்து எரிந்த வட்டம். காலால் மிதித்தால் இருமி இருமித் தண்ணீர் துப்புகிற சின்னக் குழாய். முன்பக்கம் அகலமான ஒரு ஜன்னல், அதற்குச் செம்மஞ்சள் திரை, அதன் கீழே கட்டில். அந்தத் திரையில் ஒரு துண்டை அக்கா பிறகு தலையணை உறையாகத் தைத்து வைத்திருந்தாள். வீடு வீடாக மாறினதில் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

அம்மா மேலேயிருந்து இறங்கி வந்து, படியில் கால் வைத்து ஏறி, அந்தக் கட்டிலில் சரிந்து படுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த வருடத்தில் அம்மா சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

"எடியே, இது எங்கட கூடார வண்டில் எல்லோ!"

மன்னார்ப் பக்கத்தில் மடு மாதா கோயில் திருநாளுக்குச் சனம் மாட்டு வண்டிலில் கூடாரம் போட்டுப் போவார்கள். வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, பிள்ளைத்தாச்சிகளையும் ஏலாதவர்களையும் உள்ளே படுக்க வைப்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்த யாத்திரை அதுதான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதுதான். அதனால் அம்மா கரவனுக்குள் படுத்துக்கொண்டு வருவா, நாங்கள் முன்னே காரில் இழுத்துக்கொண்டு போவோம் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. ஓடுகிற கரவனுக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு பூசை முடியப் பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். உள்ளே விரித்திருந்த கட்டிலையும் பார்த்தார், அம்மாவின் நெற்றியில் சிலுவையும் போட்டார். "மெல்லமா ஓடுங்கோ" என்று மட்டும் சொன்னார். பங்குப் பெண்கள் அரிசி, சட்டி, தண்ணீர்க் கலன், தேங்காய் என்று கொண்டுவந்து கரவனின் பின்பக்க அலுமாரியில் அடைத்தார்கள். அவர்களும் பார்த்தார்கள். எல்லாரும் நல்ல மனம் உள்ளவர்கள். இப்போது யோசித்தால் எனக்கு உடம்பு குளிர்கிறது.

புறப்படுவதற்கு முதல், ஒரு பரீட்சை ஓட்டம் ஓடினார்கள். அம்மா கரவனுக்குள் படுத்தார். லாசால் வீதிகள் உங்களுக்குத் தெரியாததா? குளிர்காலம் முடிந்தால் ஒவ்வொரு குழியும் ஒரு சட்டி அளவு. ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தியதும் அம்மா முகம் வெளிறி, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி இருந்தார்.

"தூக்கித் தூக்கிப் போடுது தம்பி. வயிறு இழுக்குது."

சித்தப்பா கரவன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். பெருவிரலால் ரயரை அமத்தினார். ஊரில் அவர் மீன் லொறி ஓடினவர். கடற்கரை மணலில் சில்லு புதையாமல் இருக்க ரயரில் காற்றைக் குறைத்துவிட்டு ஓடுவார்களாம். ஐஸ் பெட்டி குலுங்காது, மீனும் நசியாதாம்.

"காத்துக் கூடிப்போச்சு. அதுதான் பந்து மாதிரித் துள்ளுது. கொஞ்சம் இறக்கிவிட்டா மெத்தை மாதிரிப் போகும்" என்றார்.

அக்கா சாரதிப் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கதவு நிலையில் ஒட்டியிருந்த தாளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"சித்தப்பா, பாரம் கூடினாப் பின்சில்லுக்கு இன்னும் கூடக் காத்து அடிக்கட்டாம். இதில எழுதிக் கிடக்கு. கரவன் ரயரிலயும் ஒரு கணக்குக் கிடக்கு, நீங்கள் அதையும் பாக்கேல்ல."

"எடி பிள்ளை, அது அவை சாமான் ஏத்திக்கொண்டு போறதுக்கு எழுதினது. நாங்கள் பிள்ளைத்தாச்சியை எல்லோ கொண்டு போறம்."

"ரெண்டு எழுத்துப் பிரெஞ்சு படிச்சவுடன சித்தப்பாவுக்குப் படிப்பிக்கிறாவோ?" என்று அப்பா அதட்டினார்.

"நான் படிப்பிக்கேல்ல. கதவு படிப்பிக்குது."

"வாயைப் பாருங்கோ இவளின்ர. போய்த் தேத்தண்ணி வை!"

அக்கா காலை உதைத்துக்கொண்டு மேலே போனாள். சித்தப்பா கார்த் திறப்பின் நுனியால் வால்வை அமத்தினார். ஸ்ஸ் என்று காற்றுச் சீறியது. நான் உள்ளங்கையைப் பிடித்தேன். வெயில் நாளில் அவ்வளவு குளிரான காற்று, பழைய றப்பர் மணத்தோடு. கரவன் சில்லிலும் இறக்கினார், காரின் பின்சில்லிலும் இறக்கினார். காற்று அளக்கிற கருவி ஒன்றும் இல்லை, அவருடைய பெருவிரல்தான்.

திரும்ப ஒரு சுற்றுப் போனார்கள், மெதுவாக, குழியில்லாத பக்கத்துத் தெருவால். அம்மா உள்ளே நித்திரையாகிப் போனார். அதோடு எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. எத்தனை நாளாக ஒழுங்காகத் தூங்காத மனுசி அதற்குள் தூங்கிவிட்டார் என்றால், வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? சித்தப்பாவின் முகத்தில் இருந்த சந்தோசம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

திருநாளுக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் காலையில் வெளிக்கிட்டோம். சித்தப்பா ஓட்டினார், அப்பா பக்கத்தில். பின்னால் அக்காவும் நானும். எனக்கு அப்பா ஒரு வேலை தந்தார்.

"நீ பின்னுக்குப் பாத்துக்கொண்டு வா. அம்மா துவாயைத் தூக்கிக் காட்டினா உடன சொல்லோணும். விளங்குதோ?"

நான் இருக்கையில் முழங்காலில் நின்று பின்கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். இருக்கைப் பட்டி கட்டு என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அங்காலே கரவனின் அகல ஜன்னல். திரையை ஒதுக்கிவிட்டு அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டு ஒரு விரலை ஆட்டினார். நான் நாக்கை நீட்டினேன். காரின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது.

பாலம் தாண்டி நெடுஞ்சாலை பிடித்ததும் அப்பா செபமாலை தொடங்கினார். முதலாம் காரணிக்கத்தின் பத்து மணியும் முடியும் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து போனது. அதன் காற்றுப் பட்டதும் கரவன் ஒரு பக்கம் போய், மற்றப் பக்கம் வந்தது. பிறகு அது நிற்கவேயில்லை. அம்மாவின் முகம் ஜன்னலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ப் போய் வந்தது. நான் செபம் சொல்வதை விட்டுவிட்டேன். அம்மா எழும்பி இருந்து ஒரு கையால் சுவரைப் பிடித்தார். மற்றக் கையால் நீலக்கரை போட்ட துவாயைத் தூக்கினார்.

"அம்மா துவாய் காட்டுறா! அப்பா, துவாய்!"

ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினார்கள். சித்தப்பா ஓடிப்போய்க் கரவன் சில்லைத் தொட்டார், கையை உதறினார்.

"தோசைக்கல்லு மாதிரிச் சுடுது அண்ணை. சூட்டுக்கு உள்ளுக்க காத்து வீங்கிப் போச்சு. அதுதான் ஆட்டுது."

"காருக்குள்ள வாருமன்" என்று அப்பா அம்மாவிடம் கெஞ்சினார்.

"இருந்தா வயிறு இறுகுது. படுத்தாத்தான் ஏலும். தம்பி, இன்னும் கொஞ்சம் மெத்தெண்டு ஆக்கேலாதோ?"

"ஆக்கலாம் அண்ணி."

"இறக்கப்படாது! கூட்டோணும்!" அக்கா அழுவாரைப் போலக் கத்தினாள்.

"நீ இனி வாய் திறந்தாப் பஸ்ஸில ஏத்தி வீட்டை அனுப்பிப்போடுவன்" என்றார் அப்பா.

சித்தப்பா இன்னும் காற்றை இறக்கினார். இந்த முறை வந்த காற்றுச் சூடாக இருந்தது.

நான் பெரியவளாகி, என் புருஷன் லவாலில் ரயர்க் கடையில் வேலை செய்த காலத்தில்தான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. கரவன் கொழுவினால் அதன் கொக்கி காரின் பின்பக்கத்தை அமத்தும்; அதனால் காரின் பின்சில்லுக்குக் கதவில் சொன்னபடி காற்றுக் கூட்ட வேண்டும். கரவன் சில்லுக்கு அதிலேயே எழுதிய அளவுக்கு நிறைய அடிக்க வேண்டும். பாரத்தை வாலில் அடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் காலையில், ஓட முதல், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிட வேண்டும். காற்றுக் குறைந்த ரயர்தான் மடிந்து மடிந்து சூடாகிறது. அந்தச் சூட்டில் இன்னும் இறக்கினால் நெருப்பில் எண்ணெய். என் புருஷன் இதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு சோறு சாப்பிட்டார். நான் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

துருவா ரிவியர் நகரம் தூரத்தில் தெரியத் தொடங்கிய இடத்தில் அது வெடித்தது.

வெடிச் சத்தம் என்றால் எங்கள் வீட்டு ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா தலையைக் குனிந்து கையால் மூடினார். சித்தப்பா மட்டும் ஸ்ரியரிங்கை விடவில்லை. கரவன் எங்களை இழுத்தது, காரின் பின்பக்கம் வழுகியது, நான் அக்காவின் மடியில் விழுந்தேன். வீதிக்கரைக் கல்லில் உரசி, புல்லுக்குள் இறங்கி, கார் நின்றது. கரவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழாமல் நின்றது. சில்லில் றப்பர் இல்லை. இரும்பு மண்ணுக்குள் புதைந்திருந்தது.

கரவன் கதவு இறுகிவிட்டது. சித்தப்பா இரண்டு கையாலும் இழுத்துப் பிடுங்கினார். உள்ளே அரிசி கொட்டி வெள்ளையாக இருந்தது. அம்மா கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் நிலத்தில் இருந்தார், முழங்காலை மடித்து, வயிற்றை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தபடி. நெற்றியில் சின்னதாக இரத்தம்.

"நான் இருக்கிறன்" என்றார்.

அப்பா "மாதாவே, மாதாவே" என்று அலறத் தொடங்கினார். சித்தப்பாவும் ஏதோ சொல்லி அழுதார். அம்மா கையை உயர்த்தினார்.

"எல்லாரும் வாயை மூடுங்கோ."

நாங்கள் மூடினோம். வீதியில் லொறிகள் இரைந்து போயின. அம்மா கண்ணை மூடி, தலையைச் சரித்து, கையை வயிற்றில் இங்கும் அங்கும் மாற்றி மாற்றி வைத்தார். பிள்ளை அசைகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்கே விளங்கியது. அந்தப் பக்கம் வைத்தார். கீழே வைத்தார். நாங்கள் மூச்சு விடாமல் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் போகக் கண்ணைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அப்பா திரும்பிச் சித்தப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"மீன் ஏத்தினவன்ர புத்தியை என்ர மனுசியில காட்டினியோடா? என்ர பிள்ளை உனக்கு மீனோடா?"

சித்தப்பா அப்பாவின் கையைத் தட்டிவிடவில்லை, விலகவுமில்லை. அடியுங்கோ என்பதுபோல நின்றார்.

யாரோ வழியில் போனவர்கள் அறிவித்துப் பொலிஸ் வந்தது, பிறகு அம்புலன்ஸ். பொலிஸ்காரர் இளம் பெடியன். அம்மா காரில் எந்தப் பக்கம் இருந்தா என்று கேட்டான். கரவனுக்குள் என்று அக்கா பிரெஞ்சில் சொன்னாள். அவனுக்குத் தன் காதில் நம்பிக்கை இல்லை, திரும்பக் கேட்டான். அக்கா திரும்பவும் சொன்னாள். அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு, சாய்ந்து நின்ற கரவனைப் பார்த்தான், பிறகு எங்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தான். அதில் கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் வயிற்றில் பட்டி கட்டி மெஷினைப் போட்டார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நேர்ஸ் சிரித்து, பிள்ளையின் இருதயம் என்று அக்காவிடம் சொன்னா. அப்பா சிலுவை போட்டுக்கொண்டு அழுதார்.

"மெஷினுக்குச் சொல்லுது. எனக்குச் சொல்லேல்லையே" என்றார் அம்மா.

அதிர்ச்சிக்குப் பிறகு சில நேரம் பிள்ளை சத்தமில்லாமல் கிடக்கும், பொறுத்திருந்து பாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அன்று முழுவதும் வைத்திருந்து பார்த்தார்கள். மறுநாள் காலையிலும் குதிரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. வயிறும் இறுகவில்லை, இரத்தமும் படவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், ஏதாவது வித்தியாசம் என்றால் உடனே வாருங்கள் என்று விட்டார்கள். அம்மாவோ இன்னும் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் இருந்தார். பேச்சுக் கொடுத்தால், "கொஞ்சம் பொறுங்கோ" என்பார். தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா ஆஸ்பத்திரிக்குள் வரவேயில்லை. கார் நிறுத்துமிடத்தில் காருக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா கொண்டுபோய்க் கொடுத்த பாண் துண்டு காரின் கூரையில் காய்ந்து கிடந்தது.

"அவன்ர காரில நீர் இனி ஏறப்படாது" என்றார் அப்பா. "பஸ் எடுப்பம். நாளைக்குத் திருநாள். பாதித் தூரம் வந்திட்டம், கோயிலுக்கே போவம். நேர்த்தியைக் குடுத்தாத்தான் பிள்ளை அசையும்."

"நான் வீட்டை போறன்."

"விசர்க் கதை கதையாதையும். அன்னம்மாவுக்குச் சொல்லிப்போட்டு நடுவழியில திரும்புறதோ?"

"அவவும் வயித்தில சுமந்தவதானே. அவவுக்கு விளங்கும்" என்றார் அம்மா. பிறகு செருப்பைக் காலால் தேடிக்கொண்டே சொன்னார்: "காத்தை இன்னும் இறக்கச் சொன்னது ஆர்? நான். தம்பியை விட்டிட்டுப் போறதெண்டால் என்னையும் விட்டிட்டுப் போங்கோ."

அப்பா பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் வந்தார்.

கரவனை இழுத்துக்கொண்டு போய் ஒரு முற்றத்தில் விட்டிருந்தார்கள். அதை எடுப்பது பிறகு பார்க்கலாம் என்றாயிற்று. அம்மா காரடிக்கு நடந்து போய்ச் சித்தப்பாவுக்கு முன்னால் நின்றார். அவர் நிமிரவில்லை.

"வீட்டை போவம் தம்பி. பிள்ளை, கதவில என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசி. இந்த முறை எல்லாரும் கேப்பினம்."

அக்கா வாசித்தாள். அவளுக்கு வென்றுவிட்டேன் என்ற எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. பாவம், அவளும் பிள்ளைதானே. பக்கத்துப் பெற்றோல் நிலையத்தில் சித்தப்பா அந்த ஆட்களிடம் காற்று அளக்கிற கருவி வாங்கி, ஒவ்வொரு சில்லாக அளந்து, அக்கா சொன்ன இலக்கம் வரும் மட்டும் அடித்தார். அளந்ததையே திரும்ப அளந்தார். அம்மா முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். அப்பா எங்களோடு பின்னால் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்தப்பா கரைப் பாதையில், எல்லாரும் எங்களைக் கடந்து போகும்படி ஓட்டினார். கொஞ்சத் தூரம் போனதும் ஒதுக்கி நிறுத்தி, இறங்கி, நாலு சில்லையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். திரும்பக் கொஞ்சத் தூரம். திரும்ப நிறுத்தினார். பின்னால் கரவனும் இல்லை, பாரமும் இல்லை. ஆனாலும் அவரால் ஓடமுடியவில்லை. ஒரு முறை கூட அம்மா, போதும் தம்பி என்று சொல்லவில்லை. "பாத்திட்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, கையை வயிற்றில் வைத்தபடி கண்ணை மூடியிருந்தார். அக்கா என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்களுக்கெல்லாம் எப்போது வீடு வரும் என்றும் இருந்தது, இப்படியே போய்க்கொண்டிருந்தால் கெட்ட செய்தி ஒன்றும் வராது என்றும் இருந்தது.

ஒரு நிறுத்தத்தில் அப்பாவும் இறங்கினார். தன் பக்கத்துப் பின்சில்லுக்குக் குனிந்து கையை வைத்தார்.

"இஞ்சால சூடில்லை" என்று வீதியைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் இறங்கினார்கள், ஆளுக்கு ஒரு பக்கம்.

பேர்த்தியே பக்கம் என்று நினைக்கிறேன், சோள வயலோரம் நிறுத்திய இடத்தில் சித்தப்பா சில்லைத் தொட்டபடி குந்தினவர் எழும்பவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகு மட்டும் ஏறி இறங்கியது. அப்பா காரின் மற்றப் பக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல், கையைத் துடைத்துத் துடைத்து நின்றார். அம்மா கதவைத் திறந்தார். மெதுவாகக் காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு அடி வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். முகம் மாறியது. வயிற்றில் இருந்த கையை அம்மா கொஞ்சம் மேலே நகர்த்தினார். திரும்பவும் கீழே கொண்டுவந்தார்.

"தம்பி," என்றார். "துடிக்குது. இந்தா, உதைக்குது. எழும்பி வந்து காரை எடுங்கோ."

சித்தப்பா திரும்பிப் பார்ப்பதற்கு முதலே அப்பா புல்லில் முழங்காலில் விழுந்திருந்தார், நாங்கள் போகாமல் விட்ட கோயில் இருந்த பக்கம் பார்த்து.